நின்று போகிறவன் ஊர் சேருவான்

(தொலைக்காட்சிப் பட்டிமன்றம் ஒன்றில் 'பயணத்தில் பெரிது வழியா, சேரும் இடமா?' என்ற தலைப்பில், 'வழியே' என்ற அணிக்காகப் பேசப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து, எப்போது உணவு இடைவேளை வரும் என்று சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே!  

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். "ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் கடற்கரைக்குப் போகிறோம். வழியில் என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் செம்பனை, அந்தப் பக்கம் செம்பனை. வழி என்பது வெறும் பாலைவனம். கடலைப் பார்த்தால்தான் பயணம்" என்றார். கைத்தட்டலும் வாங்கினார். அவர் பாலைவனம் என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லிலிருந்தே இந்த அணி தன் வாதத்தைத் தொடங்குகிறது.

நடுவர் அவர்களே, மெக்சிகோ நாட்டின் வடமேற்கில் சொனோரா என்று ஒரு நிஜப் பாலைவனம் இருக்கிறது. அதை ஒட்டி அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். அரிசோனாவுக்குக் கடல் கிடையாது. அதனால் அங்குள்ள மக்கள் விடுமுறை வந்தால் பிள்ளைகுட்டிகளோடு எல்லை தாண்டி, சொனொய்ட்டா என்ற ஊரில் நுழைந்து, சுமார் 100 கிலோமீட்டர் பாலையைக் கடந்து, புவெர்த்தோ பெனியாஸ்கோ என்ற கடற்கரை ஊருக்குப் போகிறார்கள். வழியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவர்களும் நம் எதிரணி மாதிரி 'ஒன்றுமில்லை, மணலும் கள்ளியும்தான்' என்பார்கள். ஆனால் அந்தச் சாலைக்குப் பக்கத்தில் இருப்பது பினக்காத்தே என்ற எரிமலைப் பூமி. சந்திரனுக்குப் போக இருந்த அப்போலோ விண்வெளி வீரர்கள், நிலவின் தரை எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ள அங்கே கொண்டு வந்து பயிற்சி கொடுக்கப்பட்டார்கள். 2013-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. நிலவுக்குப் போகிறவனே வந்து பார்த்துவிட்டுப் போன இடத்தை, கடலுக்குப் போகிற அவசரத்தில் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போனால் குற்றம் யாருடையது? வழியுடையதா, வண்டிக்குள் இருப்பவருடையதா?

தமிழனுக்குப் பாலை புதிதல்ல. நிலத்தை ஐந்தாகப் பிரித்த நம் முன்னோர், காடும் மலையும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று கண்டு வைத்தார்கள். பாலையைத் தாண்டிப் போகிறவனைப் பற்றித்தான் வீட்டில் இருப்பவள் அதிகமாகக் கவலைப்பட்டாள். 'சேர்ந்து விட்டாரா' என்பதைவிட 'வழியில் என்ன ஆனாரோ' என்பதுதான் அவள் கவலை. ஆக, வழி பெரிது என்ற தீர்ப்பை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு பெண் எழுதிவிட்டாள். நடுவர் அதை உறுதி செய்தால் போதும்.

சரி, மெர்சிங் சாலைக்கு வருவோம். ஜொகூர் பாருவிலிருந்து வடகிழக்காக, கூட்டரசுச் சாலை மூன்றில், சுமார் 130 கிலோமீட்டர். முதலில் வரும் பெரிய ஊர் கோத்தா திங்கி. பெரும்பாலானோர் இதை 'நாசி லெமாக் வாங்கும் இடம்' என்றுதான் அறிவார்கள். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள் அருவிக்குப் போவார்கள். ஆனால் ஒரு பேரரசின் வம்சமே அறுந்த ஊர் அது. 1699-ல் சுல்தான் மாமூட், பல்லக்கில் தூக்கிச் செல்லப்பட்டபோது அங்கேதான் கொல்லப்பட்டார். வாரிசு இல்லை. மலாக்கா அரச வழி அதோடு முடிந்தது. ஏன் கொன்றார்கள்? மக்கள் வாய்வழிக் கதை ஒன்று சொல்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஆசைப்பட்டு அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள். சுல்தான் அவளைக் கொல்லச் சொன்னார். போர்க்களத்திலிருந்து திரும்பிய அவள் கணவன், தளபதி, பழி தீர்த்தான். ஒரு சுளைப் பழத்துக்காக ஓர் உயிர், ஓர் உயிருக்காக ஓர் அரசு! கண்ணகி கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் காரை நிறுத்திச் சொன்னால் மறப்பார்களா? அதே ஊரை 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை வெள்ளம் மூழ்கடித்தது. ஊரே மீண்டும் எழுந்தது. இதெல்லாம் ஒன்றுமில்லையா?

கோத்தா திங்கியைத் தாண்டினால் எதிரணித் தலைவர் சொன்ன பச்சைப் பாலை. ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே வரிசை. ஆனால் அந்த மண் எத்தனை வேஷம் போட்டிருக்கிறது தெரியுமா? 19-ஆம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆட்சியாளர்கள் ஆற்றுக்கு ஆறு பத்திரம் எழுதிக் கொடுத்து, சீனர்களைக் கொண்டு காடு வெட்டி, மிளகும் காம்பியரும் பயிரிட்டார்கள். காம்பியர் என்பது வெற்றிலைக்குச் சேர்க்கும் காசுக்கட்டிக்கு உறவான பொருள். தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் உதவியது. அந்த இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். மண் சத்துப் போனதும் அடுத்த காட்டுக்குப் போனார்கள். பிறகு வந்தது ரப்பர். ரப்பரோடு வந்தவர்கள் நம்மவர்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே. கப்பலேறி வந்து, லயத்தில் குடியேறி, விடியுமுன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, கித்தா மரம் வெட்டி, பாலை வாளியில் சுமந்தவர்கள் அந்தத் தமிழர்கள். தண்டவாளம் போட்டதிலும் சாலை போட்டதிலும் அவர்கள் தோள் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில், 1942-லும் 43-லும், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் ஆயிரமாயிரம். அது அவர்கள் விரும்பிப் போன பயணமல்ல. சேரும் இடமே பெரிது என்று சொல்லும் நண்பர்கள், சேரும் இடம் என்னவென்றே தெரியாமல் ரயிலேற்றப்பட்ட அந்த மக்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

போர் முடிந்து வந்தால் தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரன் விற்றான், வாங்கியவன் கூறு போட்டான், தொழிலாளி தெருவுக்கு வந்தான். அப்போதுதான் 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கினார். அதன் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை பரவியது.

செம்பனையைப் பற்றி ஒரு செய்தி. 1981-க்கு முன்பு, செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் கையால் தூவினார்கள். மரம் மரமாகப் போக வேண்டும். மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே யாரும் கையால் தூவுவதில்லையே, எப்படிக் காய்க்கிறது என்று ஆராய்ந்தார் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர். கேமரூன் நாட்டில் ஒரு சின்னஞ்சிறு வண்டு அந்த வேலையைச் செய்வதைக் கண்டார். அந்த வண்டைக் கொண்டு வந்து 1981 பிப்ரவரியில் தீபகற்பத்தில் முதன்முதலாக விட்ட இடம் எது? இதே ஜொகூரில், குளுவாங் பக்கம் உள்ள மாமோர் தோட்டம். மனிதக் கை செய்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. விளைச்சல் பெருகியது. எதிரணி 'ஒன்றுமில்லை' என்று சொன்ன அந்த மரத்துக்குள் கேமரூனும் இருக்கிறது, நம் பாட்டிமார் கை ரேகையும் இருக்கிறது.

இன்னும் போனால் ஜெமாலுவாங். குளுவாங்கிலிருந்து வரும் சாலையும் கோத்தா திங்கிச் சாலையும் கூடும் முச்சந்தி. தேநீர் குடிக்கும் இடம் என்று நினைப்போம். 1942 ஜனவரி 26, 27 தேதிகளில் அதற்கு வடக்கே நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படை இருளில் பதுங்கியிருந்து ஜப்பானியப் படையைத் தாக்கியது. அதே நேரத்தில் எண்டாவ் கடலுக்கு அப்பால் 'தேனட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. இருபது வயதுப் பையன்கள், தங்களுக்குப் பெயர் தெரியாத ரப்பர் மரங்களுக்கு நடுவே செத்துக் கிடந்தார்கள்.

கடைசியில் மெர்சிங். எதிரணிக்குப் பிடித்த 'சேரும் இடம்'. தென் சீனக் கடல். ஆனால் அங்கே போனால்தான் தெரியும், மெர்சிங் பலருக்குச் சேரும் இடமே அல்ல! அது படகேறும் இடம். ராவா, பெசார், திங்கி, சிபு, பெமாங்கில், ஆவுர், அப்பால் பகாங்கைச் சேர்ந்த தியோமான் என்று தீவுகளுக்குப் புறப்படும் துறை. சேர்ந்துவிட்டோம் என்று இறங்கினால் 'இனிமேல்தான் பயணம்' என்கிறது. அந்தத் தீவுகளில் ஒன்று தெங்ஙா. வியட்நாம் போருக்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டைப் படகுகளில் வந்த அகதிகளுக்கு அங்கே முகாம் இருந்தது. பிற்பாடு அதே தீவில் ஸ்வீடன் தொலைக்காட்சி ஒன்று, 'ஆளில்லாத் தீவில் யார் தாக்குப்பிடிப்பார்' என்று போட்டி நிகழ்ச்சி எடுத்தது. ஒரு காலத்தில் பிழைப்பதற்காகத் தவித்தார்கள், இன்னொரு காலத்தில் பரிசுக்காகத் தவித்தார்கள். மணல் என்னவோ ஒரே மணல்தான்.

இவ்வளவு நேரம் கதை சொல்லியாயிற்று. இனி இந்த அணி இந்த மேடைக்கு வந்ததன் உண்மையான காரணம். சிரிக்க வைக்க முடியாத பகுதி.

ஜொகூர் பாருவில் எத்தனை வீடுகளில் அப்பாவோ அம்மாவோ சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள்? 1924-ல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இரவு திரும்பி, சாப்பிட்டு, படுக்கும்போது மணி பத்து, பதினொன்று. மறுநாள் மீண்டும் மூன்றரைக்கு அலாரம். வாரம் முழுக்க இப்படி. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். அப்பாவுக்கு லீவு என்றால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். 2025 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. பிள்ளையும் அப்பாவும் ஒன்றாக வீட்டில் இருக்கிறார்கள். "கடலுக்குப் போகலாம்ப்பா" என்கிறது பிள்ளை. அந்த அப்பா என்ன செய்கிறார்? ஒரு பகலையும் வீணாக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த கையோடு, இரவு பன்னிரண்டு மணிக்கு வண்டியை எடுக்கிறார். அன்புதான் காரணம். ஆனால் அந்த அன்பின் கண்கள் ஐந்து நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள்.

செம்பனைச் சாலையில் அந்தக் கண்களுக்கு என்ன ஆகும்? பார்க்க மாறுதல் இல்லை. ஒரே மரம், ஒரே கோடு, ஒரே இருட்டு. மூளை அயர்கிறது. இமை மூடுவது நான்கே நான்கு விநாடி. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் அந்த நான்கு விநாடியில் 100 மீட்டர் ஓடியிருக்கும். ஓட்டுநர் இல்லாமல் 100 மீட்டர்! நான்கு பேர் உள்ளே உறங்க, ஐந்தாவது ஆளும் உறங்கினால் அந்தக் காரை யார் ஓட்டுவது?

நடந்தவற்றைப் பாருங்கள். 2007 ஆகஸ்டில் பேராக் புக்கிட் கந்தாங் அருகே பேருந்து விபத்து. இருபது உயிர்களுக்குக் குறையாமல் போயின. நேரம், விடிவதற்கு முன். 2016 டிசம்பர் 24, இதே ஜொகூர் மாநிலத்தில் பாகோ அருகே, ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சென்ற பேருந்து பள்ளத்தில் விழுந்து 14 பேர் பலி. நேரம், விடிவதற்கு முன். 2025 ஜூன் 9, கெரிக் அருகே பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து கவிழ்ந்து 15 இளம் உயிர்கள் போயின. நேரம், நள்ளிரவு கடந்து. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறு. வேகம், வண்டியின் நிலை, ஓட்டுநர், சாலை என்று விசாரணைகள் விரியும். ஆனால் மூன்றும் நிகழ்ந்தது, உடம்பு உறங்கச் சொல்லும் நேரத்தில். 2016-ல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 7,152 பேர். 2019-ல் 6,167 பேர். எண்ணாகச் சொன்னால் எளிது. வாசலில் செருப்பு இருக்கும், செருப்புக்குச் சொந்தக்காரர் இருக்கமாட்டார். அந்த வீட்டுக்கு அது எண்ணா?

மெர்சிங் சாலையில் இன்னொரு பயணியும் உண்டு. யானை. கோத்தா திங்கி, குளுவாங், மெர்சிங் வட்டாரக் காடுகளில் அவை வாழ்கின்றன. சாலை ஓரத்தில் மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்டின் நடுவே சாலை போட்டது நாம்தான், சாலையின் நடுவே வந்து நின்றது யானையல்ல. இரவில் கறுப்புச் சாலையில் கறுப்பு யானை தெரியாது. 2025 மே 11, அன்னையர் தினத்தன்று விடியுமுன், பேராக் கெரிக் சாலையில் ஒரு குட்டி யானை லாரியில் அடிபட்டு இறந்தது. தாய் யானை அந்த லாரியை விட்டு நகராமல், தலையால் முட்டிக்கொண்டு நின்ற காட்சியை நாடே பார்த்தது. அதைப் பார்த்த பிறகுமா இரவில் பறக்க வேண்டும்? யானையைக் கண்டால் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், பெரிய விளக்கைப் பாய்ச்சாதீர்கள். அது போகட்டும். அதன் வழிதானே!

"எல்லாம் சரி, சீக்கிரம் போனால் கடலில் அதிக நேரம் இருக்கலாமே" என்று எதிரணி கேட்கும். கணக்குப் பார்ப்போம். 130 கிலோமீட்டரைச் சராசரி 80-ல் போனால் ஒரு மணி 37 நிமிடம். 100-ல் போனால் ஒரு மணி 18 நிமிடம். மிச்சம் சுமார் 20 நிமிடம். அந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் பொங்கினால்தான் படகு புறப்படும். நேரம் நாளுக்கு நாள் மாறும். 80-ல் வந்தவரும் 120-ல் வந்தவரும் ஒரே துறையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே படகுக்குக் காத்திருக்க வேண்டும்! நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் படகே ஓடாத நாள்களும் உண்டு. கடலே 'பொறு' என்று சொல்லும்போது காருக்கு என்ன அவசரம்?

அதனால் இந்த அணி கேட்பது பெரிய விஷயமில்லை. வெள்ளி இரவு தூங்குங்கள். சனி காலை பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். கோத்தா திங்கியில் ஒரு முறை நில்லுங்கள். ஜெமாலுவாங்கில் ஒரு முறை நில்லுங்கள். கண் இழுத்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். பாட்டு காதுக்குத்தான், இமைக்கு அல்ல. பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, ஒரு காப்பி குடித்து, கால் மணி நேரம் கண் மூடுங்கள். காப்பி வேலை செய்யவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். அம்மாவுக்கு ஓட்டத் தெரிந்தால் பாதி வழி அம்மா ஓட்டட்டும். அதில் ஐயாவின் மீசை ஒன்றும் இறங்கிவிடாது. பின் இருக்கைக்கும் இருக்கை வார் 2009 முதல் கட்டாயம். குழந்தை இருக்கை 2020 முதல் கட்டாயம். அபராதத்துக்குப் பயந்து போட வேண்டாம், மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் போடுங்கள். பாட்டி கூட வந்தால், செம்பனைக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் மெர்சிங் வரை ஒருவருக்கும் தூக்கம் வராது!

நடுவர் அவர்களே, வழியை மதிக்கிறவன் வழியில் நிற்பான். நிற்கிறவன் நாலு செய்தி தெரிந்துகொள்வான். நின்று இளைப்பாறியதாலேயே உயிரோடு ஊர் சேருவான். வழியை வெறுமை என்று நினைப்பவன்தான் அதை முடித்துவிடப் பறக்கிறான். 'பதறாத காரியம் சிதறாது' என்று பெரியவர்கள் சொன்னது சாலைக்கும் பொருந்தும். கடல் எங்கும் போய்விடாது. அது அங்கேயேதான் இருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்து அந்த அலையில் கால் நனைக்க அப்பா இருக்க வேண்டும், அம்மா இருக்க வேண்டும். அதை முடிவு செய்வது கடற்கரை அல்ல, அந்த 130 கிலோமீட்டர்.

எனவே பயணத்தில் பெரிது வழியே, வழியே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு, வீட்டுக்குத் திரும்பும்போது அனைவரும் நிதானமாக ஓட்டிச் செல்லுமாறு வேண்டி, இந்த உரை நிறைவடைகிறது.